ரிசோர்ஸ்சாட் படத்தை வைத்து ஊர்க் கண்மாயை அளந்தது

எங்கள் ஊர்க் கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். ஒருவர் ‘முக்காக் கம்மா இருக்கு’ என்பார், இன்னொருவர் ‘நடுமடை முங்கிருச்சு’ என்பார். ரெண்டுமே சரியாகத்தான் இருக்கும், ஆனால் போன வருஷத்தையும் இந்த வருஷத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அது போதாது, பத்து வருஷத்துக்கு முந்தைய நிலவரம் வேண்டுமென்றால் இன்னும் மோசம். அதற்காகத்தான் செயற்கைக்கோள் படத்தில் இறங்கினேன். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் இது. பெயரைச் சொல்லாமல் விடுகிறேன், மேல்கண்மாய்க்காரர்களோடு ஒரு பேச்சு இன்னும் முடியாமல் கிடக்கிறது.

இலவசப் படம் என்றதும் இப்போது எல்லோரும் முதலில் சொல்வது ஐரோப்பாவின் சென்டினல்-2. 10 மீட்டர் துல்லியம், அதாவது படத்தின் ஒரு கட்டம் தரையில் பத்துக்குப் பத்து மீட்டர், இரண்டு செயற்கைக்கோள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு தடவை. இன்றைய தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டுமானால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் முதலாவது மேலே போனதே 2015-ல்தான். அதற்கு முந்தைய வருஷங்களுக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் இருக்கிறது, 30 மீட்டர். அதிலும் ஒரு வில்லங்கம்: லேண்ட்சாட்-7-ல் 2003 மே மாதக் கடைசியில் ஒரு பாகம் பழுதாகி, அதற்குப் பிறகு வந்த படமெல்லாம் நடுப்பகுதி தவிர மற்ற இடத்தில் கோடு கோடாக விட்டுப்போயிருக்கும். லேண்ட்சாட்-5 வழக்கமான படம் எடுப்பதை 2011 நவம்பரோடு நிறுத்திக்கொண்டது. லேண்ட்சாட்-8 போனது 2013 பிப்ரவரியில். ஆக, 2012-க்குக் கோடு விழாத லேண்ட்சாட் படம் இல்லை. எனக்கு முக்கியமாக வேண்டியதே அந்த 2012-தான், மழை ஏமாற்றிய வருஷம். அந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்திருப்பது நம்முடைய ரிசோர்ஸ்சாட்-2.

நிலம், நீர், பயிர், காடு என்று இயற்கை வளங்களைக் கண்காணிப்பதற்காகவே இஸ்ரோ விட்ட வரிசை இது. முதலாவது 2003 அக்டோபர் 17, இரண்டாவது 2011 ஏப்ரல் 20, அதற்குத் துணையாக 2ஏ 2016 டிசம்பர் 7. மூன்றையும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி கொண்டுபோய் விட்டது. சுமார் 820 கிலோமீட்டர் உயரத்தில் துருவங்களை ஒட்டிச் சுற்றுகிறது, பகலில் நம் தலைக்கு மேல் எப்போது வந்தாலும் காலை பத்தரையை ஒட்டித்தான் வரும். மூன்று கேமரா. லிஸ்-4 5.8 மீட்டர் துல்லியம், 70 கிலோமீட்டர் அகலம். லிஸ்-3 23.5 மீட்டர், 141 கிலோமீட்டர். ஏவிஃப்ஸ் 56 மீட்டர், ஆனால் ஒரே வீச்சில் 740 கிலோமீட்டர். அகலம் கூடக் கூட அதே இடத்துக்குச் சீக்கிரம் திரும்ப வரும். ஏவிஃப்ஸ் ஐந்து நாளில், லிஸ்-3 24 நாளில். நான் எடுத்துக்கொண்டது லிஸ்-3. காரணம் பின்னால் வருகிறது.

லிஸ்-3 படம் எடுக்கும் விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் தொல்லைகள் ஏன் வருகின்றன என்பது புரியும். நம் போன் கேமரா மாதிரி ஒரே அமுக்கில் முழுப் படம் எடுப்பதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் 6,000 உணரிகள் ஒரே வரிசையில் இருக்கும்; ஒவ்வொன்றும் தரையில் 23.5 மீட்டரைப் பார்க்கும், 6,000-ஐ 23.5-ஆல் பெருக்கினால் அந்த 141 கிலோமீட்டர் வந்துவிடும். செயற்கைக்கோள் முன்னே போகப் போக வரி வரியாகப் படம் சேரும். தரைக்கணக்கில் அதன் வேகம் விநாடிக்கு ஆறரை கிலோமீட்டருக்கு மேல், அதனால் ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் மூன்றரை மில்லி விநாடிதான். அந்த நேரத்துக்குள் விழுந்த வெளிச்சத்தை 10 பிட் எண்ணாக, அதாவது 0 முதல் 1023 வரை, எழுதிவைக்கிறது. ரிசோர்ஸ்சாட்-1-ல் இது 7 பிட்டாக இருந்தது. தண்ணீர் வேலைக்கு இந்த வித்தியாசம் பெரிது, ஏனென்றால் தண்ணீர் இருட்டு, அளவுகோலின் அடிப்பக்கத்தில்தான் எல்லாமே நடக்கும், அங்கே படிகள் நெருக்கமாக இருந்தால்தான் சேற்றையும் தண்ணீரையும் பிரிக்க முடியும்.

படங்கள் ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளத்தில் கிடைக்கின்றன. ஒரு கணக்குத் திறந்து, கண்மாய் இருக்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து, செயற்கைக்கோள், கேமரா, தேதி கொடுத்தால் பட்டியல் வரும். சின்ன முன்பார்வைப் படத்தை வைத்தே மேகம் இருக்கிறதா என்று பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் தரவிறக்காதீர்கள், ஒரு காட்சி சில நூறு எம்பி வரும். ஜிப்பைப் பிரித்தால் உள்ளே நாலு டிஃப் கோப்புகளும் ஒரு உரைக் கோப்பும் இருக்கும். உரைக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, எடுத்த தேதி, அப்போது சூரியன் இருந்த உயரம், எண்ணை வெளிச்சமாக மாற்றும் உச்ச, தாழ் மதிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. தரவிறக்கிய படத்தில் ஒரு கட்டம் 24 மீட்டராக வரும், அதாவது 576 சதுர மீட்டர். தரையில் இடங்களை மீட்டர் கணக்கில் குறிக்கும் யுடிஎம் முறையில் நம் பக்கம் மண்டலம் 44 வடக்கு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு 43 வரும், எல்லை 78 டிகிரி தீர்க்கரேகை.

வரைபடம் கையாளும் மென்பொருள் கியூஜிஐஎஸ், இலவசம். என்னுடையது பழைய லேப்டாப், அதிலேயே ஓடியது. முதல் வேலையாகக் கண்மாயைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, கரைக்கு வெளியே ஆயக்கட்டு (பாசன வயல்) கொஞ்சமும் தண்ணீர் தேங்கும் உள்வாய் முழுவதும் மேல்கண்மாயும் வருகிற அளவில் நாலு கோப்பையும் வெட்டிக்கொண்டேன். முழுக் காட்சியையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் டீ குடித்துவிட்டு வரலாம்.

லிஸ்-3-ல் நீல நிறம் கிடையாது. பி2 பச்சை, பி3 சிவப்பு, பி4 அண்மை அகச்சிவப்பு, பி5 குற்றலை அகச்சிவப்பு. அதனால் கண்ணால் பார்க்கிற மாதிரியான படம் இதில் வராது. வழக்கமாகச் செய்வது பி4-ஐச் சிவப்பாகவும் பி3-ஐப் பச்சையாகவும் பி2-ஐ நீலமாகவும் காட்டுவது. பச்சைப் பயிர் எல்லாம் ரத்தச் சிவப்பில் தெரியும், தெளிந்த தண்ணீர் கருநீலம், கலங்கல் தண்ணீர் வெளிர்நீலம். முதல் தடவை பார்ப்பவர்களுக்குக் குழப்பும். சித்தப்பாவிடம் காட்டியபோது ‘என்னப்பா வயக்காடு பூராம் மொளகாயைக் காயப்போட்ட மாதிரி இருக்கு’ என்றார். அவர் ரொம்ப காலம் நடுமடைக்கு நீர்ப்பாய்ச்சியாக இருந்தவர். இந்த வேலையில் பாதி அவருடையது.

லிஸ்-3-ஐ எடுத்ததற்குக் காரணம் அந்த பி5. தண்ணீரைக் கண்டுபிடிக்கும் எளிய கணக்கு, பச்சையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. தண்ணீர் அகச்சிவப்பை விழுங்கிவிடும், ஆகவே தண்ணீர் உள்ள கட்டத்தில் விடை மேலே போகும், பயிரில் கீழே போகும். தெளிந்த தண்ணீருக்கு இது போதும். எங்கள் கண்மாய்க்குப் போதாது. வரத்துக்கால்வாயில் வந்த புதுத்தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்து நிற்கும்போது அந்த மண் துகள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடுகிறது, கண்மாயின் பாதி ‘தரை’ என்று விடை வருகிறது. பி4-க்குப் பதில் பி5-ஐப் போட்டால் இந்தத் தொல்லை பெருமளவு போய்விடும், அந்த அலைநீளத்தைக் கலங்கல் தண்ணீர்கூட ஏறக்குறைய முழுதாக விழுங்கிவிடும். லிஸ்-4-ல் துல்லியம் கூட இருந்தும் அதை எடுக்காததற்கு இதுதான் காரணம், அதில் பி5 இல்லை. முந்தைய தலைமுறை ஐஆர்எஸ்-1சி, 1டி இரண்டிலும் லிஸ்-3 கேமராவில் பி5 இருந்தது, ஆனால் 70 மீட்டர் கட்டத்தில். ரிசோர்ஸ்சாட்-1-லிருந்துதான் அதுவும் மற்ற மூன்றோடு சேர்ந்து 23.5-க்கு வந்தது.

கணக்கைக் கியூஜிஐஎஸ்ஸின் ராஸ்டர் கால்குலேட்டரில் போட்டால் ஒரு சிக்கலும் இல்லை. பைதானில் நேராகப் போடுபவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. இந்தக் கோப்புகள் குறி இல்லாத 16 பிட் முழு எண்கள். 120-லிருந்து 300-ஐக் கழித்தால் −180 வர வேண்டும். பைதானின் கணக்கு நூலகமான நம்பை (NumPy) அதைச் சுற்றிக்கொண்டுபோய் 65,356 என்று கொடுக்கும், பிழைச்செய்தி எதுவும் வராது. வறண்ட நிலமெல்லாம் தண்ணீரைவிடப் பளிச்சென்று வந்து நிற்கும். கழிப்பதற்கு முன்பே தசம எண்ணாக மாற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது எந்த எண்ணுக்கு மேல் போனால் தண்ணீர் என்று வைத்துக்கொள்வது. பூஜ்யத்துக்கு மேல் தண்ணீர் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது எதிரொளிப்பாக, அதாவது விழுந்த வெளிச்சத்தில் எத்தனை பங்கு திரும்பியது என்று, மாற்றிய படத்துக்குத்தான் பொருந்தும், வந்த எண்ணை அப்படியே போட்டால் பி2, பி3 என்று ஒவ்வொரு நிறத்துக்கும் அளவுகோல் வேறு என்பதால் பூஜ்யத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது. உரைக் கோப்பில் உள்ள மதிப்புகளை வைத்து மாற்றிக்கொள்ளலாம், நான் அதையும் செய்தேன், ஆனால் கடைசியில் எனக்கு நம்பிக்கை தந்தது ஹிஸ்டோகிராம்தான், எந்த எண் எத்தனை கட்டத்தில் வருகிறது என்று காட்டும் வரைபடம். வெட்டிய படத்தில் தண்ணீரும் நிலமும் ஓரளவு சமமாக இருந்தால் இரண்டு மேடு தெரியும், நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் வெட்ட வேண்டும். தேதிக்குத் தேதி இடம் மாறும், மாறட்டும். கண்மாய் வற்றிக் கொஞ்சமே தண்ணீர் கிடக்கும் படத்தில் இரண்டாவது மேடு தெரியவே தெரியாது, அங்கே மட்டும் எதிரொளிப்பாக மாற்றிய படத்தை நம்பினேன்.

இதற்கு மேல் இரண்டு விஷயம் கண்மாய்க்காரர்களுக்கு மட்டும். ஒன்று சேறு. தண்ணீர் பின்வாங்கிய உள்வாய் சில நாள் ஈரமாகக் கிடக்கும், கரிசல் கலந்த இடமானால் பி5-ல் தண்ணீர் மாதிரியே கறுப்பாகத் தெரியும். அதை பி4-ல் வைத்துப் பார்க்க வேண்டும், தண்ணீரைவிட வெளிச்சமாக இருந்தால் அது சேறு. இதற்கு ஒரு தனி நிபந்தனை சேர்த்தேன்.

இன்னொன்று சீமைக் கருவேலம். இதுதான் உண்மையான தலைவலி.

உள்வாயின் மேல்பக்கம் முழுக்கக் காடாக நிற்கிறது. அடியில் முட்டளவு தண்ணீர் நிற்கும், ஆடு மேய்ப்பவர்கள் இறங்கி நடந்து காட்டுவார்கள், ஆனால் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்குத் தெரிவது இலைதான். எந்தக் கணக்கைப் போட்டாலும் அந்த இடம் தரை என்றே வரும். இடையில் ஒரு கூடுதல் செய்தி: இந்திய வன அளவைத் துறை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வெளியிடும் வன நிலை அறிக்கைக்கு அடிப்படையும் இதே லிஸ்-3 படங்கள்தான். ஒரு ஹெக்டேருக்குக் குறையாத இடத்தில் மரக்கவிகை 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால், யார் நிலம், என்ன மரம் என்று பார்க்காமல் அது வனப்பரப்பில் சேரும். எங்கள் உள்வாயும் அந்தக் கணக்கில் ஒரு மூலையில் பச்சையாக உட்கார்ந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கருவேலத்தைப் பிரிக்க எனக்கு உதவியது ஒரு பஞ்சம். 2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 2017 தொடக்கத்துப் படத்தில் கண்மாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆயக்கட்டிலும் பயிர் இல்லை. அந்தப் படத்தில் கரைக்கு உள்ளே எது பச்சையாக இருக்கிறதோ அது கருவேலம் தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. பி4, பி3 இரண்டையும் வைத்துப் பசுமைக் குறியீடு போட்டு அந்தக் கட்டங்களை ஒரு தனி அடுக்காக எடுத்து வைத்துக்கொண்டேன். பிறகு எந்தத் தேதிப் படத்தை எடுத்தாலும், நாலு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த கருவேலத் திட்டைத் தண்ணீரில் சேர்த்துவிடுவது, ஓரத்தில் நிற்பதைத் தனிப் பத்தியில் ‘சந்தேகம்’ என்று எழுதுவது. இந்தச் சந்தேகப் பத்தியை அட்டவணையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். முழுக்கண்மாய் நிறைந்த படத்தில் அந்தப் பத்தி சின்னதாக இருக்காது.

கட்டத்தின் அளவு எவ்வளவு பிழை தரும் என்பதையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். 5,000 கட்டம் தண்ணீர் என்று வந்தால் 5,000-ஐ 576-ஆல் பெருக்கி 28.8 லட்சம் சதுர மீட்டர், அதாவது 288 ஹெக்டேர், கிட்டத்தட்ட 711 ஏக்கர். இதன் நீரோரம் 8 கிலோமீட்டர் என்று வைத்தால் ஓரத்துக் கட்டங்கள் 330-க்குக் கொஞ்சம் மேல். அவற்றில் ஒவ்வொன்றும் பாதி தண்ணீர், பாதி தரை. எல்லாமே ஒரு பக்கமாகத் தவறினாலும் மூன்று, மூன்றரை சதவீதம்தான் போகும். அதே கணக்கை 20 ஹெக்டேர் ஊருணிக்குப் போட்டால் மொத்தமே 347 கட்டம், அதில் எண்பதுக்கு மேல் ஓரம். அதற்கு லிஸ்-3 வேண்டாம். பெரிய கண்மாய்க்குத்தான் இது.

படத்துக்குப் படம் இடம் விலகுவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு தேதிப் படங்களை மேலே மேலே வைத்தால் கரை ஒன்றிரண்டு கட்டம் நகர்ந்து நிற்கும். எங்கள் கரை பிறை வடிவம், அதன் இரண்டு முனையும், நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கும் நன்றாகத் தெரியும், அவற்றை வைத்து எல்லாப் படத்தையும் ஒரு படத்தோடு ஒட்டினேன். சுழற்றவோ நீட்டவோ தேவைப்படவில்லை, பக்கவாட்டில் தள்ளினாலே போதும். இதைச் செய்யாமல் இரண்டு படத்தைக் கழித்துப் பார்த்தால் கரை நெடுக ‘புதுத் தண்ணீர்’ ஓடும்.

சரி, பரப்பு கிடைத்துவிட்டது. பரப்பை வைத்து என்ன செய்வது? ஊர்க்காரர்களுக்கு வேண்டியது தண்ணீர் எத்தனை நாளுக்கு வரும் என்பது, அதற்கு ஆழம் தெரிய வேண்டும். செயற்கைக்கோள் ஆழத்தைச் சொல்லாது. ஆனால் கண்மாய் கிணறு மாதிரி இல்லை, தாம்பாளம் மாதிரி; மட்டம் ஒரு சாண் இறங்கினாலே ஓரம் ரொம்ப தூரம் உள்ளே போய்விடும். எனவே மட்டத்துக்கும் பரப்புக்கும் ஒரு அட்டவணை போட்டுவிட்டால் ஒன்றை வைத்து இன்னொன்றைச் சொல்லலாம். அணைகளில் எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்று தொலையுணர்வு மூலம் பார்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

மட்டக்குறி போடும் யோசனை சித்தப்பாவுடையது. நான் லெவல் பார்க்கும் கருவி வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். கலுங்குக்கும் நடுமடைக்கும் இடையில் கரை வளைந்து வளைந்து போகும், கொத்தனார்களின் டியூப் மட்டமெல்லாம் அவ்வளவு தூரம் எட்டாது. ‘கருவி எதுக்கு, தண்ணியே மட்டந்தானப்பா’ என்றார் அவர். கண்மாய் நிறைந்து மறுகால் போவதற்குச் சற்று முன்னால், கலுங்கின் மேல் விளிம்பைத் தண்ணீர் தொட்டு நிற்கும்போது, காற்று கிளம்பாத காலையில் மடைத்தூணில் தண்ணீர் தொடும் இடத்தில் ஒரு கோடு. அதுதான் பூஜ்யம். அங்கிருந்து கீழே அரை அடிக்கு ஒரு கோடாக, தண்ணீர் இறங்க இறங்கச் சிவப்புப் பெயின்டில் போட்டுக்கொண்டே வந்தோம். ஒன்றைக் கவனிக்க வேண்டும், எங்கள் கலுங்கில் நட்டுவைத்த கற்கள் இருக்கின்றன, இடையில் பலகையோ மண்ணோ அடைத்துக் கூடுதலாகத் தேக்குவது பழைய வழக்கம். அடைத்த வருஷத்தில் பூஜ்யத்துக்கு மேலேயும் தண்ணீர் நிற்கும், அட்டவணையில் அதற்கும் வரிசை வேண்டும்.

செயற்கைக்கோள் வரும் தேதிகள் முன்பே தெரியும் என்பதால் அந்தந்த நாள் பத்தரை மணிக்குத் தூணில் மட்டத்தைப் படித்து எழுதிவைத்தால் போதும். 2-ம் 2ஏ-யும் மாறி மாறி வருவதால் 24 நாள் காத்திருக்க வேண்டியதில்லை. சில தேதிகளில் அக்கா மகன் போன் ஜிபிஎஸ்ஸை ஓடவிட்டுக்கொண்டு நீரோரமாகவே நடந்து வந்தான், கரை இல்லாத பக்கத்தில் மட்டும். கணுக்கால் வரை புதைகிற சேற்றில் ஓரத்தை ஒட்டி நடக்க முடியாது, ஆட்டுத்தடத்தைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளித்தான் நடந்தான். அந்தக் கோடும் படத்திலிருந்து வந்த ஓரமும் திறந்த வெளியில் ஒரு கட்டத்துக்குள் ஒத்துப்போயின. கருவேலத்துக்குள் ஒத்துப்போகவில்லை, அது எதிர்பார்த்ததுதான்.

இரண்டு மட்டங்களுக்கு நடுவே எவ்வளவு தண்ணீர் என்பதற்குச் சூத்திரம் எளிது: கீழ்ப்பரப்பு, மேல்பரப்பு, இரண்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம் மூன்றையும் கூட்டி, மட்ட வித்தியாசத்தால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். கீழே 200 ஹெக்டேர், மேலே 288, வித்தியாசம் அரை மீட்டர் என்றால் வர்க்கமூலம் 240, கூட்டினால் 728, விடை 121 ஹெக்டேர் மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் அதிகாரிகள் பேசும் அளவில் 43 மில்லியன் கன அடிக்குச் சற்றுக் குறைவு. இப்படித் தட்டுத் தட்டாகக் கூட்டிக்கொண்டே போகலாம். அடித்தட்டுக்குக் கீழே, நடுமடைக்கும் கீழே கிடக்கும் தண்ணீரை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அது பாசனத்துக்கு வராது, மீனுக்கும் மாட்டுக்கும்தான்.

பழைய வருஷங்களுக்கு இந்த அட்டவணையைத் திருப்பிப் போட்டேன். படத்திலிருந்து பரப்பு, அட்டவணையிலிருந்து மட்டம். இதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடம் 2017. அந்த வருஷம் குடிமராமத்து மறுபடி தொடங்கி, வண்டல் அள்ள அனுமதி கொடுத்து, எங்கள் உள்வாயிலிருந்தும் டிராக்டர் டிராக்டராக மண் போனது. தாம்பாளத்தின் அடி அங்கங்கே பள்ளமாகிவிட்டது. 2017-க்கு முந்தைய வருஷங்களுக்குக் கீழ்த்தட்டுகளின் விடையை நான் நம்பவில்லை, மேல்தட்டுகள் பரவாயில்லை. இன்னொரு குறை, கண்மாய் நிறைவதே ஐப்பசி கார்த்திகையில், அப்போது வானம் முழுக்க மேகம். உச்சத்தில் இருந்த நாளின் படம் பெரும்பாலும் கிடைக்காது, தையில் கிடைப்பதைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஏவிஃப்ஸ் அடிக்கடி வருவதால் மேக இடைவெளியில் சில நல்ல படங்கள் சிக்கின, 56 மீட்டர் கட்டத்தில் கண்மாய் நிறைந்ததா இல்லையா என்று மட்டும் சொல்லலாம். மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் ராடார் 2022-ல் போன இஓஎஸ்-04-ல் இருக்கிறது, அதை இனிமேல்தான் தொட வேண்டும்.

2012 பருவத்துக்குப் பிந்தைய படத்தைப் பார்க்கத்தான் இவ்வளவும். அதில் எங்கள் கண்மாய் வெறும் உள்வாயாகக் கிடக்கிறது, அது ஊருக்கே தெரியும், அதற்குச் செயற்கைக்கோள் வேண்டாம். ஆனால் நான் வெட்டிய கட்டத்துக்குள் மேல்கண்மாயும் இருந்தது. அது பாதிக்கு மேல் நிறைந்திருக்கிறது. மழை குறைந்த வருஷத்தில் மேல்கண்மாயில் நிற்பது இயற்கைதானே என்று முதலில் தோன்றும், சங்கிலித் தொடரில் மேலே இருப்பது நிறைந்துதானே கீழே வரும். அதனால் 2015 கடைசிப் படத்தையும் எடுத்தேன், நல்ல மழை பெய்த வருஷம். மேல்கண்மாய் தளும்பி நிற்கிறது, எங்களுடையது முக்கால்தான். ‘அந்த வருசம் அங்க மறுகா போய் எங்க பாட்டனார் நெலமெல்லாம் முங்குச்சு, ஆனா இங்க கலுங்கு நனையல’ என்றார் சித்தப்பா. அப்படியானால் மறுகால் போன தண்ணீர் நடுவில் எங்கே போனது?

இந்தக் கேள்விக்கு லிஸ்-3 பதில் சொல்லாது, வரத்துக்கால்வாயின் அகலம் ஒரு கட்டத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இங்கேதான் லிஸ்-4-ஐ எடுத்தேன், பி5 இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தேடுவது தண்ணீரை இல்லை. 5.8 மீட்டரில், கோடை மாதப் படத்தில், கால்வாய் ஒரு மெல்லிய சிவப்புக் கோடாக மேல்கண்மாயின் கலுங்கிலிருந்து புறப்பட்டு வருகிறது. சிவப்பு என்றால் பசுமை, கோடையில் பசுமை என்றால் கால்வாய்க்குள்ளேயே கருவேலம் வளர்ந்து நிற்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊருக்கு முந்தைய தார்ச்சாலை வரைக்கும் கோடு தொடர்கிறது. சாலையைத் தாண்டியதும் இல்லை. அந்த இடத்தில் நேர் கோணத்தில் வெட்டிய வயல்கள் இருக்கின்றன. பழைய வருவாய்த்துறை வரைபடத்தில் அதே இடத்தில் கால்வாய் தெளிவாகப் போட்டிருக்கிறது.

நேரில் போய்ப் பார்த்தோம். சாலைக்கு அடியில் குழாய்ப் பாலம் இருக்கிறது, வாயில் கருவேல முள்ளும் பிளாஸ்டிக்கும் அடைத்து மண் மேவியிருந்தது. மறுபக்கம் கால்வாயின் தடம் வரப்பு அளவுக்கு ஒடுங்கிப் போயிருக்கிறது. யார் எப்போது சேர்த்துக்கொண்டார்கள் என்பதில் நான் இறங்கவில்லை, படத்துக்கு அது தெரியாது, ஊர்ப் பேச்சில் தெரிந்தது எதையும் எழுதவும் போவதில்லை. 2012, 2015 லிஸ்-3 படங்கள் இரண்டு, லிஸ்-4-ல் கால்வாய் மறையும் இடம் ஒன்று, வருவாய் வரைபடத்தின் நகல் ஒன்று, நான்கையும் ஒரே அளவுகோலில் ஏ3 தாளில் அச்சடித்து, கால்வாயை அளந்து கல் ஊன்றித் தரச் சொல்லி எழுதிய மனுவோடு சேர்த்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுத்திருக்கிறோம். குழாய்ப் பாலத்தின் வாயை மட்டும் மனுவுக்குக் காத்திராமல் ஊரார் சேர்ந்து ஒரு ஜேசிபியை வைத்துத் திறந்துவிட்டார்கள்.